ரால்ஃப் ஸ்டைன்மன் பற்றிய காணொளிப் பாடத்தொடர்: ஒரு மதிப்பீடு

நோயெதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த, கிளைகள் கொண்ட டென்ட்ரிடிக் செல்களை 1973இல் ஸான்வில் கோனுடன் சேர்ந்து உலகுக்கு அறிவித்த நோயெதிர்ப்பியல் அறிஞர் ரால்ஃப் ஸ்டைன்மனின் ஆய்வு வாழ்க்கையைச் சொல்லும் இப்பாடத்தொடர், கொடுக்கும் கட்டணத்துக்குத் தகுந்த சரக்கு உள்ளதுதான். எலியின் மண்ணீரலிலிருந்து எடுத்துக் கண்ணாடியில் ஒட்டவைத்த செல்களுக்கிடையே, கிளைக் கரங்களை நீட்டுவதும் மடக்குவதுமாக இருந்த சிலவற்றை அவர் நுண்ணோக்கியில் கண்ட கட்டத்தை ஆசிரியர் அவசரமின்றி விளக்குகிறார்; நோயை எதிர்த்துப் போரிடும் வெள்ளணுக்களான டி செல்களைத் தூண்டுவதில் இவையே வல்லவை என்று அவர் காட்டிய பிறகும் பலர் நம்ப மறுத்ததை இன்னும் விரித்துச் சொல்லியிருக்கலாம். செல் வளர்ப்பு முறைகள் பற்றிய பகுதி வெறும் படக்காட்சி. கணையப் புற்றுநோய்க்குத் தம் டென்ட்ரிடிக் செல்களைக் கொண்டே அவர் சிகிச்சை பெற்றதும், 2011இல் நோபல் அறிவிப்புக்கு 3 நாள் முன்பு மறைந்ததும் மிகையின்றிச் சொல்லப்படுகின்றன. சப்டைட்டிலில் பிழைகள் மலிந்திருப்பதால், அடிப்படை உயிரியல் அறிந்தவர்களுக்கே இதைப் பரிந்துரைப்பேன்.