வெக்கையா, அசுரனா?

‘அசுரன்’ வந்தபோதே தியேட்டரில் பார்த்துவிட்டேன். ‘வெக்கை’யைப் படித்தது போன மாதம்தான். வரிசை தப்பு. நாவலில் அய்யா, அதாவது அப்பா, வாயைத் திறக்கும்போதெல்லாம் படத்தில் அப்பாவாக நடித்த தனுஷின் முகம் குறுக்கே வந்து நின்றது. அதை விலக்கவே ஐம்பது பக்கம் ஆனது.

முடிச்சு இரண்டிலும் ஒன்றுதான். அண்ணனைக் கொன்ற வடக்கூரானைச் சிறுவன் சிதம்பரம் வெட்டிவிடுகிறான். அப்பனும் மகனும் காட்டுக்குள் ஓடி ஒளிகிறார்கள். 1982-இல் பூமணி எழுதியதை 2019-இல் வெற்றிமாறன் படமாக்கினார்.

வித்தியாசம் அப்பாவிடம் இருக்கிறது. படத்தின் சிவசாமி குடிப்பார், குனிந்து போவார். மகன் அவரைக் கோழை என்றே நினைக்கிறான். அதனால்தான் இடைவேளைச் சண்டையில் அவர் நிமிரும்போது தியேட்டரே அதிர்ந்தது. நானும் விசிலடித்தவன்தான், மறைப்பானேன். நாவலின் பரமசிவம் மகன் கண்ணில் எந்த இடத்திலும் சிறுத்துப் போவதில்லை. கொலை செய்துவிட்டு வந்த பதினைந்து வயதுப் பையனைத் திட்டாமல், தோழனைப் போலக் கூட்டிக்கொண்டு அலைகிறார். எங்கே படுக்கலாம், எதைச் சமைக்கலாம், யார் வழியாக வீட்டுக்குச் சேதி அனுப்பலாம் என்பதுதான் அவர்களுடைய பேச்சு. அரிவாளைவிடச் சோற்றுப் பானைதான் அதிகம் வருகிறதோ என்றுகூடத் தோன்றியது. ஆனால் பயம் அந்தப் பேச்சுக்குள்தான் இருக்கிறது. பையன் சாதாரணமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். நமக்குத் தொண்டையில் இறங்காது.

இன்னொன்று. வலது கையை மட்டும் வெட்டுவதாகத்தான் சிதம்பரம் திட்டமிட்டிருந்தான், ஆளே போய்விட்டான் என்று நாவல் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறது. படம் ஓட்டத்தில் தொடங்கி, கொலையைப் பிறகுதான் காட்டுகிறது. விறுவிறுப்புக்குப் படத்தின் வழி சரி. ஆனால் ‘கையை மட்டும்’ என்ற அந்தக் கணக்கு தவறிப்போன கனம், புத்தகத்தை மூடும்வரை கூடவே வந்தது.

படத்தின் பலம் பின்கதை. செருப்புப் போட்டு நடந்ததற்காக ஒரு பெண் படும் அவமானமும் கொளுத்தப்படும் குடிசைகளும் நாவலில் இல்லாதவை. தீயைப் பார்க்கும்போது, விவசாயக் கூலிகளின் குடும்பங்கள் குடிசைக்குள் எரிக்கப்பட்ட 1968 கீழ்வெண்மணி நினைவுக்கு வராமல் போகாது. நிலம் யார் கையில் என்ற கேள்வியைப் பூமணி பேச்சோடு பேச்சாக விட்டுச்செல்கிறார். படம் அதை ரத்தமும் நெருப்புமாக முன்னால் வைக்கிறது. மஞ்சு வாரியரின் பச்சையம்மாள் தலையில்லாத பிள்ளையின் உடலைப் பார்க்கும் காட்சியை என்னால் இரண்டாம் முறை பார்க்க முடியவில்லை. அந்த இடத்தில் சினிமாதான் ஜெயித்தது.

முடிவில் என் ஓட்டு நாவலுக்கு. படத்தில் படிப்பைப் பற்றி அப்பா சொல்லும் வசனம் பிரபலம், நல்ல வசனமும்கூட. ஆனாலும் அது மகனுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை, நமக்குச் சொன்னதாகத் தெரிந்தது. நாவலில் இவர்கள் கோர்ட்டில் சரணடையக் கிளம்பும்போது யாரும் யாருக்கும் பாடம் எடுப்பதில்லை.

இரண்டையும் தொடாதவர்கள் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். கரிசல் வட்டாரப் பேச்சு முதல் பத்துப் பக்கம் கொஞ்சம் இடறும், அப்புறம் பழகிவிடும். தனுஷ் முகம் குறுக்கே வராமல் படிக்கும் வசதி உங்களுக்காவது கிடைக்கட்டும்.