பாக்கியை அடைப்பதா, நன்கொடை தருவதா?

அம்பத்தூர் தொழிற்பேட்டை முதலாளிகள் சிலருக்கு மார்ச் மாதக் குழப்பம் இது: கையிருப்பைச் சரக்கு தந்த சிறு பட்டறைக்குத் தரவேண்டிய பாக்கிக்குக் கொடுப்பதா, பள்ளிக்கூடத்துக்கா?

செலவு:
நன்கொடை – தள்ளிப்போட்டால் அபராதமில்லை.
பாக்கி – 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி அதிகபட்சக் கெடு 45 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ என்ற வட்டியைப்போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதைப் பல பட்டறைக்காரர்கள் கேட்பதே இல்லை; அடுத்த ஆர்டர் போய்விடுமே!

பெயர்:
நன்கொடை – பொன்னாடை, கல்வெட்டு.
பாக்கி – ரசீது மட்டும்.

பலன்:
நன்கொடை – பிள்ளைகளுக்கு வகுப்பறை.
பாக்கி – பட்டறைத் தொழிலாளிக்குச் சனிக்கிழமைக் கூலி.

கெடுவுக்குள் எல்லாம் தீர்த்தவர் பள்ளிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். பாக்கி வைத்திருப்பவர் பள்ளிக்குத் தருவது, என் கணக்கில், பட்டறைக்காரரின் நன்கொடை. முந்தைய ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட கம்பெனிக்கு இரண்டுமே கடமை: 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குக் கேட்கிறது.