‘ஜெர்மன் ரேசர்’ வாங்கி 238 வெள்ளிக்கு முகத்தைக் கிழித்துக்கொண்ட கதை

பினாங்கு ஜார்ஜ்டவுனில் சேஃப்டி ரேசர் வாங்கலாம் என்று இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 180 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு ரேசர், 58 வெள்ளிக்கு 100 பிளேடு. இரண்டையும் வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஒரு மாதம் கழுத்தெல்லாம் செவசெவ என்று அலைந்தேன். கடைப் பெயரை எழுதப்போவதில்லை, எழுதினால் அது வேறு வம்பு. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடலாம், அவ்வளவுதான் சொல்வேன்.

பிளேடும் தலையும் ஒன்றாகச் சேர்ந்து வரும் கார்ட்ரிட்ஜின் விலை கட்டுப்படியாகாமல்தான், இரண்டு பக்கமும் கூர் உள்ள ஒற்றைப் பிளேடை மாட்டுகிற சேஃப்டி ரேசருக்கு மாறினேன். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் வைத்தார். “அண்ணே, ஃபுல் ஸ்டெயின்லெஸ், ஜெர்மன் ஐட்டம். உங்க பேரன் காலம் வரைக்கும் வரும்.” கனமாகத்தான் இருந்தது, நம்பிவிட்டேன். ரசீது கேட்டதற்குக் கோடு போட்ட தாளைக் கிழித்து ‘ரேசர் ஸ்டெயின்லெஸ் 180’ என்று எழுதி, கடை சாப் (முத்திரை) குத்திக் கொடுத்தார். பிளேடை அதில் எழுதவில்லை. அதை நானும் கவனிக்கவில்லை.

முதல் நாளே தேங்காய் துருவுகிற மாதிரி கரகர என்று சத்தம். படிகாரம் தேய்த்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று நாள் கழித்துக் கடைக்குப் போய்ச் சொன்னேன். “புதுசுல அப்படித்தான் இருக்கும், கை பழகணும்” என்றார்.

அதில் பாதி உண்மை என்பதால்தான் ஏமாந்தேன். கார்ட்ரிட்ஜ் பழக்கத்தில் இருப்பவர்கள் அழுத்தி இழுப்பார்கள். சேஃப்டி ரேசரை அழுத்தவே கூடாது, அதன் கனமே போதும். பிளேடு தோலோடு சுமார் 30 பாகைச் சாய்வில் படவேண்டும், அதற்கு மேல் நிமிர்ந்தால் சுரண்டும். சரி, தப்பு நம் கையில்தான் என்று இரண்டு வாரம் என்னையே திருத்திக்கொண்டிருந்தேன். குளித்த பிறகு சவரம், சோப்பில் இன்னும் கொஞ்சம் தண்ணீர், முடி வளரும் திசையில் மட்டும் சின்னச் சின்ன இழுப்பு. கொஞ்சம் குறைந்தது, ஆனால் சுரண்டல் போகவில்லை. ஓர் இழுப்பு பரவாயில்லாமல் இருக்கும், ரேசரின் தலையைத் திருப்பி மறுபக்கத்தால் இழுத்தால் எரியும். அந்தத் துப்பு தினமும் என் கையிலேயே இருந்திருக்கிறது, எனக்குத்தான் உறைக்கவில்லை.

கண்டுபிடித்தது ஜெலுத்தோங்கில் இருக்கும் என் பெரியப்பா. இன்றைக்கும் பழைய ஜில்லெட் டெக் ரேசரில்தான் சவரம் செய்கிறார். 1938இல் வர ஆரம்பித்த மாடல் அது. என் கழுத்தைப் பார்த்தவர், எப்படிச் சவரம் செய்கிறாய் என்று கேட்கவில்லை. “ரேசரை எடுத்துட்டு வா” என்றார். பிளேடு மாட்டிய தலையைக் குழல்விளக்குக்கு நேராகப் பிடித்து, பக்கவாட்டிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

“ஏண்டா, இந்தப் பக்கம் பல்லு துருத்திக்கிட்டு நிக்குது, அந்தப் பக்கம் உள்ளேயே போயிருச்சே.”

நானும் பார்த்தேன். ஒரு பக்கம் நகம் வளர்ந்த மாதிரி பிளேடு வெளியே நின்றது, மறுபக்கம் தேடினால்தான் தெரிந்தது. பிளேடின் மொத்தப் பருமனே 0.1 மில்லிமீட்டர்தான். அந்த அளவுச் சாமானில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் என்றால் தோலுக்கு எப்படி இருக்கும்?

உடனே ரேசரைக் குறை சொல்லிவிட முடியாது. மூன்று துண்டாகக் கழலும் ரேசரில் முறுக்கும்போதே பிளேடு நகர்ந்துவிடும். அதனால் தளர்த்தி, கூர் இல்லாத இரண்டு குட்டை முனைகளையும் விரலால் பிடித்துக்கொண்டு மறுபடி முறுக்கினோம். அதே கோணல். பிளேடை இடம் வலமாகத் திருப்பி மாட்டினோம். கோணல் பிளேடில் இருந்தால் துருத்தலும் கூடவே மறுபக்கம் போகவேண்டும். போகவில்லை, ரேசரின் அதே பக்கம்தான் துருத்தியது. அந்தப் பக்கத்தில் பெரியம்மாவின் சிவப்பு நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்தேன், மறுநாள் குழப்பம் வரக்கூடாது என்று.

அடுத்தது பிளேடு. ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது என்றார் பெரியப்பா. அவருடைய பிளேடை என் ரேசரில் மாட்டி இழுத்தேன். சிவப்புப் புள்ளி இருந்த பக்கம் சுரண்டியது, மறுபக்கம் வழுக்கிக்கொண்டு போனது. என் பிளேடை அவர் ரேசரில் மாட்டிக்கொண்டு அவரே கன்னத்தில் வைத்தார். இரண்டே இழுப்பு. “இது பிளேடா? தகரம்டா!” என்று கீழே வைத்துவிட்டார்.

ஆக, இரண்டுமே மோசம். இதுதான் என்னை இவ்வளவு நாள் சுற்றவிட்டது. ஒன்று மட்டும் கெட்டிருந்தால் முன்னமே பிடித்திருப்பேன்.

அந்தப் பிளேடு போலி என்று அடுத்த நாள் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. எல்லோருக்கும் தெரிந்த பிராண்ட்தான். பார்மசியில் அதே பிராண்டில் ஐந்து பிளேடு பாக்கெட் ஒன்று வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஈரக் கட்டைவிரலால் தேய்த்ததும் என் பிளேடில் இருந்த எழுத்து கறுப்பாக விரலில் வந்துவிட்டது, பார்மசி பிளேடில் அப்படியே நின்றது. உறையின் அச்சும் மங்கல், மடிப்பும் கோணல். நல்ல பிளேடின் கூரில் குரோமியம், பிளாட்டினம் மாதிரி ஒரு பூச்சும் அதற்கு மேல் நான்ஸ்டிக் சட்டியில் இருப்பது போன்ற பூச்சும் இருக்கும், அதனால்தான் வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் ஒரு பிராண்ட் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்பதற்காகப் போலி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஒருவருக்கு வெண்ணெய் மாதிரி இருப்பது இன்னொருவருக்கு எரியும்.

அந்த ‘ஃபுல் ஸ்டெயின்லெஸ்’ கதையும் நாலாவது வாரத்தில் வெளுத்தது. அடித்தகட்டின் மூலையில் கொப்புளம் மாதிரி எழும்பி, நகம் பட்டதும் முலாம் உரிந்து உள்ளே மங்கிய சாம்பல் நிறம் தெரிந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு முலாம் எதற்கு? மலிவு ரேசர்களில் வழக்கமாக வரும் துத்தநாகக் கலவைதான். காந்தம் வைத்துப் பார்த்து வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். துத்தநாகத்தில் ஒட்டாது, பித்தளையில் ஒட்டாது, சில ஸ்டெயின்லெஸ் வகைகளிலும் ஒட்டாது.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். “ஒரு மாசம் யூஸ் பண்ணிட்டு வந்தா எப்படி அண்ணே?” என்று சுவரில் இருந்த அறிவிப்பைக் காட்டினார். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது, மலாயிலும் தமிழிலும். அந்த அட்டை கடைக்காரருக்குக் கவசம் கிடையாது. மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் (நுகர்வோர்) பாதுகாப்புச் சட்டப்படி, என்ன பொருள் என்று சொல்லி விற்றாரோ அந்தப் பொருளாக அது இருக்கவேண்டும், அட்டை தொங்கவிட்டு அதிலிருந்து தப்பிக்க முடியாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. மனு பாரத்தை நிரப்பி, அந்தக் கோடு போட்ட தாளின் நகலோடு மறுபடி போய் நின்றேன். முதலாளி உள்ளேயிருந்து வந்து படித்துப் பார்த்தார். ரசீதில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று எழுதி அவர்கள் சாப்பே இருக்கிறது. 180 வெள்ளியை எண்ணி வைத்தார்.

பிளேடுக்கு 58 வெள்ளி போனது போனதுதான், ரசீதில் இல்லையே. மிச்சம் 91 பிளேடையும் மைலோ டின்னில் போட்டு மூடி, டேப் சுற்றி வைத்திருக்கிறேன். குப்பை அள்ளுகிறவர் கையைக் கிழிக்கக்கூடாது.

போன சனிக்கிழமை அந்தப் பக்கம் போனேன். கண்ணாடிப் பெட்டியில் அதே மாதிரி ரேசர், அதே ஜெர்மனிக் கொடி ஸ்டிக்கர். விலை 150 என்று போட்டிருக்கிறார்கள்.