சன்ரூஃப் ஒழுகலைச் சரி பண்றேன்னு 16,800 ரூபாய் வாங்கி ஏமாத்திட்டாங்க: மலையில கார் வச்சிருக்கறவங்க உஷார்

16,800 ரூபாய். செய்யாத வேலைக்கும் மாத்தாத சாமானுக்கும் என்கிட்ட வாங்கின பணம். குன்னூர், கோத்தகிரி, ஊட்டின்னு இங்க சன்ரூஃப் (கூரையில திறக்கற கண்ணாடி) வச்ச கார் ஓட்டற எல்லாரும் இதைப் படிச்சிடுங்க. இதுல சிக்காம இருக்க என்ன பண்ணணும்னு கடைசியில எழுதறேன். முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன், இல்லன்னா எனக்கு ஆறாது.

ஐப்பசி மழை பிடிச்சதும் ஆரம்பிச்சது. டிரைவர் சீட்டுக்கு மேல இருக்கற சின்ன லைட்ல இருந்து சொட்டு சொட்டா தண்ணி. லைனிங் துணியில பழுப்பா ஒரு வட்டம். ரெண்டு மழை தாண்டினதும் கால் வைக்கற இடத்துல கார்பெட்டை அமுக்கினா தண்ணி கொப்பளிச்சு வருது. கதவைத் திறந்தா ஈரத்துணியை மூட்டை கட்டி வச்ச நாத்தம். எங்கப்பாவுக்கு வீசிங் இருக்கு. அவரை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்காகவே வச்சிருக்கற வண்டி இது.

அப்பா செக்கப்புக்குப் போற அன்னைக்கே வண்டியையும் காட்டிடலாம்னு, போன் ஆப்ல புக் பண்ற கார் சர்வீஸ் ஒண்ணுல போட்டேன். ஆப்காரங்களே அவங்களோட சேர்ந்திருக்கற ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினாங்க. ரெண்டு பேர் பேரும் நான் இங்க எழுதப் போறதில்ல. எழுத வேண்டிய இடத்துல எழுதிட்டேன்.

அங்க வண்டியை வாங்கிக்கிட்ட சர்வீஸ் அட்வைசர் பேசின விதம் இன்னும் கண்ணுல நிக்குது. அப்பாவுக்கு முதல்ல சேர் எடுத்துப் போட்டாரு. "அக்கா, ஊட்டி, குன்னூர் வண்டின்னாலே இந்தப் பிரச்சினை வரும், நான் நிறைய பாத்திருக்கேன். ஐயாவை ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போயிட்டு சாயங்காலம் வாங்க, எங்க வீட்டு வண்டி மாதிரி பாத்து வைக்கறேன்"னாரு. சீட்டுக்குக் கவர் போட்டு, ஸ்டியரிங்ல பிளாஸ்டிக் சுத்தி, ஜாப் கார்டுல நான் சொன்ன ஒவ்வொண்ணையும் எழுதிக்கிட்டாரு. இவ்வளவு அக்கறையா நிக்கற ஒருத்தரை யாரா இருந்தாலும் நம்பத்தான் செய்வாங்க.

சாயங்காலம் போனப்போ பில் ரெடி. டிரெயின் டியூப் (சன்ரூஃப் தண்ணியை வெளிய விடற குழாய்) நாலும் புதுசு, சன்ரூஃப் பீடிங் (சுத்தி இருக்கற ரப்பர்) புதுசு, லேபர், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 16,800 ரூபாய். எனக்கு முன்னாடியே ஒரு பாட்டில் தண்ணியை எடுத்து மூடின கண்ணாடி மேல ஊத்தினாரு. "பாருங்கக்கா, ஒரு சொட்டு உள்ள வருதா?" வரல. அப்பாவும் பக்கத்துல நின்னு பாத்தாரு. அந்த இடத்துலயே போன்ல பணம் அனுப்பினேன்.

குன்னூர் வந்து அடுத்து பெய்ஞ்ச மழையிலயே முன்ன விட மோசம். முன்னாடி ஒரு பக்கம் சொட்டினது, இப்போ முன் கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் கூரையைத் தாங்கற பில்லர் வழியாவும் கோடு போட்டு இறங்குது. கூரை லைட் சுவிட்ச் செத்துப் போச்சு. சென்ட்ரல் லாக் தானா பூட்டுது, தானா திறக்குது.

இங்க குன்னூர்லயே ரொம்ப வருஷமா ஒர்க்‌ஷாப் வச்சிருக்கற ஒரு அண்ணன்கிட்ட கொண்டு போனேன். அவரு சன்ரூஃபைத் திறந்து டார்ச் அடிச்சு, "இங்க வாம்மா, நீயே பாரு"ன்னாரு. கண்ணாடிக்குக் கீழ சுத்தி ஓடற தகர வாய்க்காலோட முன் மூலையில ஒரு சின்ன ஓட்டை இருக்கணும். அந்த ஓட்டை மேல கட்டை விரல் அளவுக்கு வெள்ளை சிலிக்கான் பேஸ்ட் உருண்டையா உக்காந்திருக்கு! பழைய பீடிங்கையே துடைச்சு, விளிம்பு பூரா பேஸ்ட் தடவி, வழிஞ்சதை அப்படியே விட்டிருக்காங்க. பில்லர் கவரைக் கழட்டினாரு. டியூப்ல அச்சடிச்சிருக்கறது 2021. என் வண்டியும் 2021 மாடல். கம்பெனியில சுத்தின டேப் பிரிக்காம அப்படியே இருக்கு. டியூப் மாத்தணும்னா கூரை லைனிங்கை இறக்கியாகணும், அதுக்கே பாதி நாள் போயிடும்னாரு. அங்க ஒரு கிளிப் கூட அசையல.

அவரு சொல்லித்தான் புரிஞ்சது, சன்ரூஃப் ரப்பர் தண்ணியை முழுசா தடுக்கறதுக்கு வச்சது இல்ல. கொஞ்சம் தண்ணி உள்ள வரும்னு தெரிஞ்சேதான் கம்பெனி அந்த வாய்க்காலை வைக்குது. பெரும்பாலான வண்டியில நாலு மூலையிலும் ஓட்டை இருக்கும். முன் டியூப் ரெண்டும் முன் கண்ணாடி பக்கத்து பில்லர் வழியா இறங்கி முன் சக்கரத்துக்குப் பின்னாடியோ கதவுக் கீல் பக்கமோ வெளிய விடும். பின் டியூப் பின் பம்பர் பக்கம் விடும். அந்த ஓட்டை அடைச்சா வாய்க்கால் நிரம்பி வண்டிக்குள்ளதான் கொட்டும். அதனால மேல பேஸ்ட் அடிக்கறது வைத்தியமே இல்ல, நோயை முத்த விடற வேலை. மூடின கண்ணாடி மேல ஒரு பாட்டில் தண்ணி ஊத்தினா அது பின்னாடி வழிஞ்சு ஓடிடும், வாய்க்கால்ல நிரம்பற அளவுக்கு இறங்காது. அதைக் காட்டித்தான் என்கிட்ட 16,800 ரூபாய் வாங்கினாங்க.

நம்ம ஊர்ல இது ஏன் அதிகம்னா, வண்டியை நிறுத்தறதே சரிவுல. மூக்கு கீழ பாத்து நின்னா மொத்தத் தண்ணியும் முன் ஓட்டை ரெண்டுக்கும் வரும், பின் ஓட்டை இருந்தும் பிரயோஜனம் இல்ல. மேல சீகை மரம், சைப்ரஸ், கற்பூர மரம். சீகை இலை பொடிப் பொடியா வாய்க்காலுக்குள்ள போய் பாசியோட சேர்ந்து மட்கிடும். அண்ணன் பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்துட்டு, எஸ்டேட்ல புல் வெட்டற மெஷினுக்குப் போடற நைலான் கயிறை மெதுவா உள்ள விட்டாரு. கொஞ்ச நேரத்துல முன் சக்கரத்துக்குப் பின்னாடி கறுப்பா குழம்பு மாதிரி கொழகொழன்னு இறங்குச்சு, அதுக்குப் பின்னாடியே தண்ணி. அவரு கேட்ட கூலி 600 ரூபாய். ஒழுகல் அதோட நின்னுடுச்சு. வேலை மொத்தமே அவ்வளவுதான்.

இதையெல்லாம் வீடியோ எடுத்து ஆப்ல புகார் போட்டேன். "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்"னு ஒரு மெசேஜ். மறுநாள் பாத்தா, யாரும் பேசாமலே புகார் "தீர்க்கப்பட்டது". திரும்ப போட்டா, ஒர்க்‌ஷாப்ல கேளுங்கங்கறாங்க. ஒர்க்‌ஷாப்ல கேட்டா, பணம் ஆப்ல கட்டினது, அங்கயே கேளுங்கங்கறாங்க. அக்கா அக்கான்னு வாய் நிறைய பேசின அந்த அட்வைசர் ஒரு தடவை எடுத்தாரு, "மேடம், மழையில சன்ரூஃபைத் திறந்தீங்களா?"ன்னு என்னையே கேட்டாரு. டியூப்ல 2021னு இருக்கே, பில்லுல புதுசுன்னு எப்படி எழுதினீங்கன்னு கேட்டதும் லைன் கட். அப்புறம் என் நம்பரை எடுக்கறதே இல்ல.

ஆப்ல இருந்து ஒரு பொண்ணு கூப்பிட்டு, "மலைப் பிரதேசத்துல மழை அதிகம் மேடம், அது எங்க கையில இல்ல"ன்னுச்சு. மழை அதிகம்னுதானே வண்டியைக் கொண்டு வந்து விட்டேன்? வாரண்டி வேணும்னா திரும்ப கோயம்புத்தூர் கொண்டு வரணுமாம். மழையிலயும் மஞ்சுலயும் பர்லியாறு வளைவுகள்ல, லாக் தானா பூட்டிக்கற வண்டியை எழுபது கிலோமீட்டர் ஓட்டிட்டுப் போகணும்! கடைசியா கொடுத்தது என்ன தெரியுமா? அடுத்த சர்வீஸ்ல கழிச்சுக்க 500 ரூபாய் கூப்பன். 16,800 ரூபாய்க்கு 500 ரூபாய் கூப்பன். அதுவும் அவங்ககிட்டயே திரும்பப் போனாத்தான் செல்லும். வயிறு எரியுது.

இப்போ சீட்டைக் கழட்டி, கார்பெட்டுக்கு அடியில இருக்கற ஸ்பாஞ்சை எடுத்துக் காயப் போட்டிருக்கோம். இந்த மஞ்சுல எங்க காயுது? லாக் ஒயரிங்ல கனெக்டர் பச்சை பூத்திருக்கு, அதுக்கு என்ன ஆகும்னு அண்ணன் இன்னும் சொல்லல. அது தனிச் செலவு. அப்பா இன்னிக்கு வரைக்கும் வண்டியில ஏறல, டாக்ஸிதான்.

சொல்றேன்னு சொன்னதைச் சொல்லிடறேன், விரிவா எழுத இப்போ மனசு இல்ல. ஒழுகுதுன்னதும் பீடிங்கு, பேஸ்ட்டுன்னு யாராவது ஆரம்பிச்சா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க. சன்ரூஃபைத் திறந்து வாய்க்கால் மூலையில ஒரு டம்ளர் தண்ணி மெதுவா ஊத்தி, வண்டிக்கு அடியில சொட்டுதான்னு பாருங்க, நாலு மூலைக்கும். சொட்டினாத்தான் பணம். கம்பி விட்டுக் குத்த விடாதீங்க, டியூப் கிழிஞ்சிடும். கம்ப்ரஸர் காத்தை வேகமா அடிக்கவும் விடாதீங்க, உள்ள டியூப் கழண்டுக்கும். மாத்தினோம்னு சொல்ற பழைய சாமானைக் கையில வாங்காம பணம் கொடுக்காதீங்க. மரத்தடியில நிறுத்தறவங்க மழைக்கு முன்னாடி அந்த வாய்க்காலை ஒரு துணியால துடைச்சிடுங்க.

நான் 1915ல தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குப் புகார் கொடுத்திருக்கேன். அதுல நடக்கலன்னா ஊட்டியில மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. 2019 சட்டப்படி நாம இருக்கற ஊர்லயே வழக்குப் போடலாம், கோயம்புத்தூருக்கு அலைய வேண்டாம். நாம கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும்னா வழக்குக் கட்டணமும் கிடையாது. பில், வீடியோ, 2021னு அச்சடிச்ச டியூப் போட்டோ எல்லாம் எடுத்து வச்சிட்டேன். 16,800 ரூபாயையும் வாங்காம விடப் போறதில்ல.