போர்டு இல்லாத கப்பலூர் பட்டறை: வேலை சுத்தம், தேதி மட்டும் கேட்காதீர்கள்

மொட்டைமாடி ஷெட்டுக்கு மழைத்தண்ணீர் வடிகிற தகரக் கால்வாய், 38 அடி, நடுவில் ஒரு மூலை. மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் ஒரு பட்டறையில் செய்து வாங்கினேன். வாசலில் போர்டே இல்லை, அதனால் பெயர் கேட்காதீர்கள். உள்ளே போய் ஜிஐ ஷீட் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) மடிக்கிற இடம் எது என்று விசாரித்துத்தான் நானே கண்டுபிடித்தேன்.

இது இரண்டாவது கால்வாய். முதலாவதை இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குள் வேறொரு இடத்தில் கொடுத்தேன் (பெயர் வேண்டாம், தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன்). நாலே நாளில் பச்சை எனாமல் பளபளக்க மாட்டிவிட்டார்கள். அடுத்த ஐப்பசி மழைக்குள் பெயிண்ட் வெங்காயத் தோலாக உரிந்து, வெல்டு வைத்த இடமெல்லாம் துரு ஏறி, போன பொங்கலுக்குத்தான் வெள்ளையடித்த சுவரில் டிகாக்‌ஷன் நிறத்தில் கோடு கோடாக இறங்கியது.

அதில் ஒரு துண்டைக் கழற்றி எடுத்துக்கொண்டுதான் கப்பலூர் போனேன். பட்டறைக்காரர் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "கிரைண்டர்ல அறுத்திருக்காய்ங்கண்ணே, இதுல தீயைக் காட்டவே கூடாது" என்றார். விஷயம் இதுதான்: ஷீட்டின் மேல் இருக்கிற துத்தநாகம், வெட்டின விளிம்பில் இரும்பு தெரிந்தாலும் தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். ஆனால் அது 420 டிகிரியிலேயே உருகிவிடும், கட்டிங் வீல் சூட்டில் ஓரத்துப் பூச்சே எரிந்துபோனால் காப்பாற்ற என்ன மிச்சம்? தெறிக்கிற பொறியும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு முதலில் துருப்பிடிக்கும். வெல்டிங்கில் இன்னும் மோசம், துத்தநாகம் எரிந்து வருகிற வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி காய்ச்சலே வரும்.

இவர் வெட்டியது சூடு ஏறாமல் கத்தரி மாதிரி வெட்டுகிற ஷியரிங் மெஷினில், மூலைக்குக் கையால் கத்தரி. வெல்டு ஒன்றுகூட இல்லை, எல்லாம் மடிப்பும் ரிவெட்டும்தான். இணைப்பில் வைத்த சிலிகானைக்கூட முகர்ந்து பார்க்கச் சொன்னார். வினிகர் வாடை அடிக்கிற ரகம் துத்தநாகத்தை அரிக்குமாம், இவருடையதில் அந்த வாடை இல்லை. ஷீட் ஸ்டிக்கரில் 275 என்று இருந்தது, அதாவது சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 275 கிராம் பூச்சு. 120 கிராம் ஷீட்டும் வருகிறது, கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், அதனால் ஸ்டிக்கரைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

பெயிண்ட் வேண்டும் என்றபோது முகம் சுளித்தார். நேராக எனாமல் அடித்தால் எண்ணெயும் துத்தநாகமும் சேர்ந்து அடியில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகிவிடுமாம், என் பழைய கால்வாய் உரிந்த கதை அதுதான். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, துத்தநாகத்தில் பெயிண்ட் பிடிப்பதற்கான எட்ச் பிரைமர் அடித்து, காய்ந்தபின் மேல் பெயிண்ட். இரண்டு மழைக்காலம் போனபின்தான் அதைப் பற்றி உறுதியாகச் சொல்வேன், இப்போதைக்கு நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை.

குறை? நிறைய இருக்கிறது. ஐந்து நாள் என்றது பதினொரு நாளானது. போன் எடுக்கவே மாட்டார். தண்ணீர் இறங்குகிற ஓட்டையை மூன்று அங்குலம் தள்ளிப் போட்டுவிட்டு, அதே ஷீட்டில் துண்டு வைத்து ரிவெட் அடித்து மூடினார். காசு வாங்கவில்லைதான், ஆனாலும் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தெரிகிறது. முதல் இடத்தைவிட ஒன்றரை மடங்கு விலை வேறு.

ஏற்றுகிற அன்று தூறல். ஈரத்தோடு அடுக்கினால் வெள்ளைத் துரு (துத்தநாகம் அரிந்து வருகிற வெள்ளைப் பொடி) பூக்கும் என்று ஒவ்வொன்றையும் துடைத்து, நடுவில் ரீப்பர் கட்டை கொடுத்து, குட்டி யானையை அரை மணி நேரம் காக்க வைத்தார். டிரைவர் திட்டியது எனக்குத்தான்.

5க்கு 4. ஐப்பசி மழைக்கு வேண்டுமென்றால் ஆடியிலேயே போய்ச் சொல்லிவிடுங்கள்.