ஜாபிரேக்கர்: எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

1996-இல் கலைந்த அமெரிக்க பங்க் (வேகமான, முரட்டு ராக் இசை) குழு ஜாபிரேக்கர். புதிதாகக் கேட்பவர்களின் குழப்பம்: ‘24 அவர் ரிவெஞ்ச் தெரபி’யா (1994), ‘டியர் யூ’வா (1995)?

ஒலி: முன்னதில் பெரும்பகுதியைப் பதிவு செய்தவர் ஸ்டீவ் அல்பினி, பூச்சில்லாத கரடுமுரடு. பின்னதன் தயாரிப்பாளர் கிரீன் டே குழுவுடன் பணியாற்றிய ராப் கவாலோ, கிட்டார் பளபளக்கும்.

குரல்: முன்னதில் பாடகர் பிளேக் ஷ்வார்ட்சன்பாக்கின் தொண்டை கரகரக்கும். பின்னதில் மென்மை.

வரவேற்பு: முன்னதைக் கொண்டாடினார்கள். பெரிய இசை நிறுவனம் வேண்டாம் என்று சொல்லிவந்த குழு, அப்படியொரு நிறுவனமான கெஃபன் பக்கம் போனதும் ரசிகர்களுக்குக் கோபம். பாவம், ‘டியர் யூ’தான் அடி வாங்கியது. அடுத்த வருடமே குழு உடைந்தது. 2004 மறுவெளியீட்டுக்கு அப்புறம் அதே ஆல்பத்தைத் தேடிக் கேட்டார்கள். 2017-இல் சிகாகோவின் ரயட் ஃபெஸ்ட் இசைவிழா மேடையில் மறுபடி சேர்ந்தார்கள்.

பங்க் பழகிய காதுக்கு முன்னது. மெட்டு முக்கியம் என்றால், தயங்காமல் ‘டியர் யூ’.