2 எம்எம் என்று சொல்லி 1.2 எம்எம் தகட்டைத் தலையில் கட்டினார்கள்: கரி கிரில் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

மதுரையில் எவர்சில்வர் குண்டான் வாங்கினால்கூடத் தராசில் வைத்துத்தான் விலை சொல்வார்கள். அதைப்போல் பல மடங்கு காசு கொடுத்துச் செய்யும் பார்பிக்யூ கிரில்லை மட்டும் யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. ஏமாற்று வேலை அந்த இடத்தில்தான் நடக்கிறது.

ஊருக்குள் இருக்கும் ஒரு வெல்டிங் பட்டறை. பெயர் வேண்டாம், அந்தப் பட்டறையைத் தவிர்த்தாலும் இதே வேலை வேறு இடத்தில் நடக்கும். பேசியது: 2 அடி நீளம், 1 அடி அகலம், 8 அங்குல ஆழத்தில் பெட்டி, 2 எம்எம் தகடு. மேலே கறி வைக்க 8 எம்எம் ராடு வைத்த கிரேட், அதாவது கம்பித் தட்டு, இடுப்பு உயரத்துக்கு ஸ்டாண்டு. 9,500 ரூபாய், அதில் 5,000 அட்வான்ஸ். "யானை ஏறி நின்னாலும் அசையாதுண்ணே" என்று உத்தரவாதம் வேறு. வந்த பொருள் பளபளவென்று கறுப்பாக, பார்க்க லட்சணமாகவே இருந்தது. இரண்டாவது தடவை கரி போட்டபோது அடித்தகடு கீழே தொப்பை போட்டது. நீளப் பக்கச் சுவர் நடுவில் வெளியே பிதுங்கியது. கிரேட்டின் ஒரு முனை தாங்கலை விட்டு நழுவி, கோழியோடு கரிக்குள் போய் உட்கார்ந்தது.

அதன் பிறகுதான் தராசு. ஸ்டாண்டைக் கழற்றிவிட்டுப் பெட்டியை மட்டும் நிறுத்தால் 5 கிலோ 400. கிரேட் 2 கிலோ 400.

இந்த இரண்டு எண்ணும் என்ன சொல்கின்றன என்பதற்குக் கணக்கு சுலபம். 1 எம்எம் கனமுள்ள இரும்புத் தகடு சதுர அடிக்கு 730 கிராம் இருக்கும். மேலே சொன்ன அளவுப் பெட்டிக்கு அடிப்பக்கம் 2 சதுர அடி, நான்கு சுவரும் சேர்த்து 4 சதுர அடி, ஆக 6. தகடு 2 எம்எம் என்றால் 6 × 2 × 730, அதாவது பெட்டி மட்டுமே 8 கிலோ 750 வர வேண்டும். 1.2 எம்எம் என்றால் 5 கிலோ 250. ஓர மடிப்பையும் பெயின்ட்டையும் சேர்த்தால் அந்த 5.4 சரியாகப் பொருந்துகிறது.

ராடுக்கு, கட்டடக் கம்பி வாங்கியவர்களுக்குத் தெரிந்த சூத்திரமே போதும். எம்எம்-ல் உள்ள விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 8 எம்எம் ராடு மீட்டருக்கு 395 கிராம், 6 எம்எம் 222 கிராம். இந்தக் கிரேட்டுக்குச் சட்டத்தோடு சேர்த்துக் கிட்டத்தட்ட 10.7 மீட்டர் ராடு பிடிக்கும். 8 எம்எம் போட்டிருந்தால் 4 கிலோ 200 இருந்திருக்கும். வந்ததோ 2.4. பெயின்ட் கனமாக ஏறியிருந்ததால் கண்ணுக்கு 6 என்று தெரியவில்லை.

தகட்டின் கனத்தை அளக்கும் வெர்னியரை வைத்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். வைத்தால் 2.5 காட்டும்! பெட்டியின் வாய் ஓரத்தை உள்பக்கமாக அரை அங்குலம் மடித்துத் தட்டி, மடிப்புக் கோட்டின் மேல் பெயின்ட்டை இழுத்து விட்டிருந்தார்கள். வாங்குபவர் தொட்டுப் பார்ப்பது அந்த ஓரத்தைத்தான், அங்கே தகடு இரட்டை. மடிப்பது தவறான வேலையும் இல்லை, கையை வெட்டாமல் இருக்க மடிக்கத்தான் வேண்டும். ஆனால் அளவு பார்க்க அது இடமில்லை.

தகட்டின் கனத்தைச் சொல்லும் கேஜ் கணக்கிலும் ஒரு தில்லுமுல்லு உண்டு. "18 கேஜ் போட்டுத் தாரேன், 14 எல்லாம் வேணாம்" என்று பெரிய எண்ணைச் சொன்னதும் மனசு குளிர்ந்துவிடும். கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும். 14 கேஜ் 2 எம்எம், 16 கேஜ் 1.6, 18 கேஜ் 1.2, 20 கேஜ் 0.9. கேஜ் என்று யாராவது ஆரம்பித்தாலே எம்எம்-ல் சொல்லச் சொல்லுங்கள்.

பேசிய பெட்டிக்கும் வந்த பெட்டிக்கும் தகட்டில் வித்தியாசம் மூன்றரைக் கிலோ, ராடில் 1 கிலோ 800. பட்டறைக்கு மிச்சமானது சில நூறு ரூபாய்தான். அதற்காகப் பத்து வருஷம் நிற்க வேண்டிய பொருள் பத்து நாளில் கோணிவிட்டது. எரிச்சல் அதில்தான். கரிக்கு நேர் கீழே உள்ள தகடு நன்றாகச் சூடேறி விரியப் பார்க்கும், ஓரங்கள் அவ்வளவு சூடாகாமல் இழுத்துப் பிடிக்கும். மெலிந்த தகட்டால் அந்த இழுபறியைத் தாங்க முடியாது, ஏதாவது ஒரு பக்கம் பிதுங்கும், ஆறினாலும் பழைய நிலைக்கு வராது. 2 எம்எம்-ம் கொஞ்சம் அசையும், ஆனால் திரும்பி வரும். வாயைச் சுற்றி 25 × 25 × 3 எம்எம் ஆங்கிள் (L வடிவ இரும்பு) ஒரு சுற்று அடித்துவிட்டால் சுவர் பிதுங்கவே பிதுங்காது. அதற்கு 6 அடி ஆங்கிள், 2 கிலோதான் ஆகும்.

கிரேட்டை எங்கேயும் பெட்டியோடு சேர்த்து வெல்டு வைக்க விடாதீர்கள். 60 சென்டிமீட்டர் இரும்பு 500 டிகிரி கூடினால் மூன்றரை எம்எம் நீளும். இடம் இல்லையென்றால் வில்லாக வளையும். இரு பக்கமும் சேர்த்து 5 எம்எம் இடைவெளி இருக்கட்டும்.

பெயின்ட் விஷயம் தனி. பெட்டியின் உள்பக்கமும் கேட்டுக்கு அடிக்கும் சாதாரண எனாமல்தான் அடித்திருந்தார்கள். முதல் தடவை கரி போட்டதும் கண்ணெரிச்சலோடு புகை, பிறகு கொப்பளம், பிறகு செதில் செதிலாக உதிர்ந்து கறியில். உள்பக்கத்துக்கும் கிரேட்டுக்கும் எந்தப் பெயின்ட்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கடலை எண்ணெயை மெல்லிசாகத் தடவி, கரி போட்டு வெறுமனே ஒரு மணி நேரம் எரிய விட்டால் கறுத்துப் படிந்துவிடும், தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான். வெளிப்பக்கத்துக்கு 600 டிகிரி தாங்கும் ஹீட் ரெசிஸ்டன்ட் பெயின்ட் கிடைக்கிறது. பவுடர் கோட்டிங் என்பார்கள், அது ஸ்டாண்டுக்குச் சரி, நெருப்புப் பெட்டிக்கு ஆகாது.

புகார் சொல்லப் போனபோது கிடைத்த சமாதானம் இன்னும் மோசம். "அடுப்புன்னா வளையத்தாண்ணே செய்யும். கிரேட்டுக்குப் பதிலா இந்த மெஷ்ஷை வச்சுக்கங்க, துருவே பிடிக்காது" என்று நீட்டியது ஜிஐ வெல்டு மெஷ். கோழிக்கூண்டுக்கும் வேலிக்கும் அடிக்கிற அதே வலை. அதன் மேலே இருப்பது துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 420 டிகிரிக்குள்ளேயே உருகும், கரியோ அதற்கு மேலே போகும். ஜிஐ பைப்புக்கு வெல்டிங் அடித்தவர்களுக்கு அன்று ராத்திரி குளிரும் காய்ச்சலும் வருவது அந்தப் புகையால்தான். நெருப்பு வேண்டாம், எலுமிச்சையும் தயிரும் போட்டு ஊறிய கறி மேலே பட்டாலே பூச்சு கரைந்து சாப்பாட்டில் சேரும். சாம்பல் நிறத்தில் பூப்பூவாகப் படிந்த மினுமினுப்பு தெரிந்தால், சுட்டு ஆறின பிறகு வெள்ளைப் பொடி பூத்தால், அது ஜிஐ. தூக்கிப் போடுங்கள்.

அடுத்த தூண்டில் "எஸ்எஸ்ல பண்ணித் தாரேன்". உடனே ஒரு காந்தத்தை எடுத்து வைத்து, ஒட்டவில்லை பாருங்கள் என்பார்கள். எவர்சில்வர் வகைகளில் உசத்தியான 304 ஒட்டாதுதான். ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 202-ம் ஒட்டாது. காந்தத்தால் 430 போன்ற வகையை மட்டும்தான் பிரிக்க முடியும். 304-ல் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202-ல் நிக்கல் அதில் பாதி சொச்சம்தான், வெளியில் மழையில் கிடந்தால் துருப்புள்ளி வந்துவிடும். பழைய எஸ்எஸ் எடுக்கும் கடைகளில் ஒரு சொட்டு திரவமும் சின்ன பேட்டரியும் வைத்திருப்பார்கள். சொட்டு வைத்துக் கரண்ட் காட்டினால் 202-ல் சிவப்பு ஏறும். 304 விலை கொடுப்பதாக இருந்தால் அந்தச் சோதனையைக் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால் விடை அதிலேயே இருக்கிறது. உண்மையைச் சொன்னால், ராடு மட்டும் 304, பெட்டி சாதா இரும்பு என்பதே வீட்டுக்குப் போதும்.

கனம் சரியாக இருந்தாலும் உயரமும் காற்றும் தப்பினால் கறி வேகாது. நம்மூர்ப் பட்டறைகள் இஸ்திரிப்பெட்டி மாதிரி அடியில் நாலு ஓட்டை போட்டுக் கரியை நேரே தகட்டில் கொட்டச் சொல்கிறார்கள். அரை மணியில் சாம்பல் ஓட்டையை அடைக்கும், நெருப்பு மூச்சு முட்டும், விசிறி விசிறிக் கை கழன்றுவிடும். அடித்தகட்டுக்கு மேல் 2 அங்குலத்தில் 10 எம்எம் ராடில் தனியாக ஒரு கரி கிரேட் வேண்டும். கரி அதன் மேல், சாம்பல் கீழே. இதனால் அடித்தகட்டின் சூடும் குறையும். தொப்பை போட்ட பெட்டியைக் காப்பாற்றவும் இந்த ஒரு வேலைதான் வழி. காற்று ஓட்டைக்கு நகர்த்தி மூடும் தகடு கட்டாயம். அது இல்லையென்றால் நெருப்பைக் குறைக்க வழியே கிடையாது.

கரிக்கும் கறிக்கும் நடுவே 4 முதல் 6 அங்குலம். இந்தப் பட்டறை வைத்திருந்தது இரண்டரை. தொடைக்கறி வெளியே கருகி எலும்போரம் ரத்தமாக நிற்பது அதனால்தான். கோழி உள்ளே 74 டிகிரியைத் தொட வேண்டும். தாங்கலை இரண்டு உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள், காடைக்குக் கீழே, முழுக்கோழிக்கு மேலே. கரியை ஒரு பக்கமாக ஒதுக்கி மறுபக்கத்தைச் சும்மா விட இடம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் 2 அடி நீளம். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் கறியை அங்கே தள்ளிவிடலாம். கிரேட் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டி, 2, 3 செகண்டில் எடுக்கத் தோன்றினால் பெருந்தீ, 5 வரை தாங்கினால் கோழிக்குச் சரி. ராடு இடைவெளி 12 எம்எம். கண்மாய் ஜிலேபி, விரால் சுடுபவர்களுக்கு எந்த இடைவெளியும் சரிவராது, மீனுக்குத் தனியாக மூடுகிற கூடைதான்.

மூடியில் பதித்த, சூடு காட்டும் டயலை நம்பாதீர்கள். கழற்றி, அதன் முள்ளைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டால் 100-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 70 காட்டினால் அது அலங்காரம்.

பெட்டி போல மடக்கும் ரெடிமேட் கிரில்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தகடு 1 எம்எம்-க்கும் கீழே, உயரம் குறைவு, நாலு பேருக்கு நாலு தடவை ஓடும். நான்-ஸ்டிக் கிரேட் கொண்டது மட்டும் கரிக்கு வேண்டவே வேண்டாம், அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையும். கேஸ் கிரில் என்றால், வெளிநாட்டு மாடலை மாட்ட ஹோட்டல் அடுப்புக்கான ஹை பிரஷர் ரெகுலேட்டரைப் போட்டுத் தருகிறோம் என்பவரிடம் இருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கரியிலும் கை வைக்கிறார்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துச் சீமைக் கருவேலக் கரி கெட்டியானது, நின்று எரியும். அதைத் தண்ணீர் தெளித்துக் கனமாக்கி விற்பது பழைய வித்தை. இரண்டு துண்டைத் தட்டினால் ஓட்டுச்சில் மாதிரி கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் ஈரம். உடைத்துப் பார்த்து உள்ளே பழுப்பாக இருந்தால் அரைவேக்காடு, கண்ணைத் திறக்க விடாது. இந்த அளவுப் பெட்டிக்கு ஒரு தடவைக்கு ஒன்றரை முதல் 2 கிலோ போதும். மேலே வெள்ளைச் சாம்பல் போர்த்திய பிறகே கறி. மழை வந்துவிட்டது என்று கார் ஷெட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தாதீர்கள், கரி விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஐப்பசி மழைக்கு முன்னால் சாம்பலை முழுதும் கொட்டிவிடுங்கள். ஈரம் குடித்த சாம்பல் கிடந்தால் 2 எம்எம் தகட்டையும் அரிக்கும்.

இனி சீட்டு. கொடுத்தது எஸ்டிமேட் என்று அச்சடித்த துண்டுத்தாள், அதில் "கிரில் 1 செட் 9,500" என்பதைத் தவிர ஒரு எழுத்து இல்லை. 2 எம்எம் என்பது வாய்ப்பேச்சோடு போயிற்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினாலும், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது பில். 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் போகலாம். கையில் தாள் இல்லாமல் போய் என்ன பேசுவது? பட்டறை கடைசியில் ஒத்துக்கொண்டது, 1,200 ரூபாய் கூடக் கொடுத்தால் அடித்தகட்டை மட்டும் மாற்றித் தருவது. மாற்றவில்லை.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பில்லில் இப்படி எழுதி வாங்குங்கள், அளவு வேறென்றால் எடையை மேலே சொன்ன கணக்கில் மாற்றிக்கொள்ளலாம்: "கரி கிரில், 2 அடி × 1 அடி × 8 அங்குலம், எம்எஸ் (சாதா இரும்பு) தகடு 2 எம்எம், பெட்டி மட்டும் எடை 8.5 கிலோவுக்குக் குறையாது. கிரேட் 8 எம்எம் ராடு, 4 கிலோவுக்குக் குறையாது, தனியாகக் கழலும். கரி கிரேட் 10 எம்எம் ராடு. உள்பக்கம் பெயின்ட் இல்லை. டெலிவரியின்போது எடை போட்ட பிறகு பாக்கித் தொகை."